உள்ளூர் என்பது எந்த ஊர்?

தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளூர் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அமைச்சர்கள் சொல்கிறார்கள், முதலாளிகள் சொல்கிறார்கள், நம் தோழர்களிலும் சிலர் சொல்கிறார்கள். கரும்பலகையில் கற்கிற தொழில் தொழிலாகாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. என்னுடைய சந்தேகம் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. உள்ளூர். நம் பக்கத்தில் ஊர் என்றால் சேரி அல்லாதது. ஊர் வேறு, காலனி வேறு, சுடுகாடும் வேறு. அப்படியானால் உள்ளூர் முதலாளி என்பவர் யார்? அவரோடு ஒரு அரசு நிறுவனம் ஒப்பந்தம் போடும்போது, காலனியிலிருந்து வந்து படிக்கிற பையனுக்காகக் கையெழுத்துப் போடுவது யார்?

இதை நான் புத்தகத்தில் படித்துக் கேட்கவில்லை. பட்டுத்தான் கேட்கிறேன்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கிறது. 1922இல் தாய் இறந்தபின் அவருடைய சமாதிக்குப் பக்கத்தில் ரமணர் வந்து தங்க, அதைச் சுற்றி வளர்ந்த பகுதி. விடுதிகள், வாடகை வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், வேறு பல ஆசிரமங்கள். கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அதற்குள் மாடி ஏற்ற வேண்டும், அறைக்கு வெந்நீர்க் கருவி மாட்ட வேண்டும். கட்டட வேலை ஓயாது. 'நான் யார்?' என்று கேட்டுக்கொள்ளச் சொன்னவரின் ஆசிரமம் இருக்கிற சாலை அது. அங்கே 'நீ யாரு?' என்று கேட்காமல் எவனும் நமக்கு வேலை தந்ததில்லை.

2000த்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து நான் கம்பியாள் பிரிவில் படித்தேன். வயர்மேன் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். கடைசி ஆறு மாதம் வெளியில் பயிற்சி. எங்கள் வாத்தியார் ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்து இடம் பிடித்து வந்தார். எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஆசிரமத்துக்குப் பின்பக்கம் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒரு எலக்ட்ரிகல் காண்ட்ராக்டரிடம் இடம் கிடைத்தது. முதல் நாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு வாத்தியார் சொன்னார்: "எந்தத் தெருன்னு கேப்பான். ரமணாசிரமம் பக்கத்துலன்னு மட்டும் சொல்லு. காலனின்னு வாயத் தொறக்காத."

வாத்தியார் நம்மாள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். டவுனில் வாடகைக்கு வீடு பிடிக்க அவரே தன் தெருப் பெயரை மாற்றிச் சொன்னவர்.

சொன்னபடியே சொன்னேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. மெயின் போர்டு பிரிக்கவும் பூட்டவும் விட்டார்கள், மெகர் வைத்துப் பார்க்க விட்டார்கள். "தம்பி"தான், "டேய்" இல்லை. மூன்றாவது மாதம் பக்கத்து மனைக்கு அஸ்திவாரம் போட ஆள் வந்தது. அதில் சித்தாளாக என் அம்மாவும் வந்தாள். நான் மாடியில் நிற்கிறேன், அவள் கீழே மண் சட்டியோடு போகிறாள். நிமிர்ந்து பார்த்தாள். என் பக்கத்தில் காண்ட்ராக்டர் நின்றான். பார்த்தவள் யாரையோ பார்த்த மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வாத்தியார் சொன்னதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. அவளாகப் புரிந்துகொண்டாள். இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வெயிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆனதோ, மாடியிலிருந்து "எம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் காலையில் கையில் உளியும் சுத்தியும் கொடுத்தார்கள். மீதி மாதங்கள் முழுக்க பைப் பதிக்கச் சுவரில் காடி எடுத்தேன். எர்த் குழி தோண்டினேன். போர்டு பக்கம் கூடவந்த மற்ற மூவர். அந்த வேலைகளும் கம்பியாள் வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். காண்ட்ராக்டரும் அதைத்தான் சொன்னான். பயிற்சிப் பதிவேட்டில் 'எல்லா வேலைகளும் கற்றார்' என்று எழுதி அவன் ஒப்பமிட்டான். நிலையமும் ஒப்பமிட்டது. நான்கு பேருக்கும் ஒரே சான்றிதழ்தான். ஒன்றுக்குள் தொழில் இருந்தது, இன்னொன்றுக்குள் உளி இருந்தது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்புக் கிளம்பி 1954இல் அவர் பதவி விலக, காமராசர் அதைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழக அரசு வாதாடியது. அது நடக்காமல் போகவே 2024 நவம்பரில் அந்த வடிவில் ஏற்க மறுத்து, 2025இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நல்லது. ஆனால் என் காண்ட்ராக்டர் என்னை அப்பன் தொழிலுக்கா அனுப்பினான்? இல்லையே. புதுத் தொழிலுக்குள்ளேயே ஒரு சேரி கட்டி அதில் என்னை உட்கார வைத்தான். மின்சாரம் எந்த வருணத்திலும் இல்லாத தொழில். அதற்கும் ஊர், சேரி கண்டுபிடித்துவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் ஒரு திருத்தம் வந்தது. பழகுநர் இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தர வேண்டும் என்பது அது. எத்தனை பேரை உள்ளே விட வேண்டும் என்று அது சொல்கிறது. உள்ளே போனவன் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. 2014இல் செய்த திருத்தத்தில், சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனையும் எடுக்கப்பட்டு அபராதம் மட்டும் மிஞ்சியது. அதோடு, பழகுநர் தொழிலாளி அல்ல என்று அதே சட்டம் சொல்வதால், தொழிற்சங்கக் கதவைத் தட்டினாலும் 'நீ இன்னும் ஆள் ஆகலை, போய் வா' என்கிற கதைதான்.

இன்னொரு சிக்கல். ஒதுக்கீட்டைக் கேட்க வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காண்ட்ராக்டரிடம் நுழைய வேண்டுமென்றால் அதை மறைக்க வேண்டும். ஒரே பையன் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்கிறான்.

இனி வாத்தியாருக்கு வருகிறேன். அவர் சொல்லிக்கொடுத்த பொய் தப்பா? கொலைகாரன் வாசலில் நின்று, உள்ளே ஒளிந்திருப்பவனைக் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் கான்ட் எழுதினார். அவரோடு மோதிய கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுக்காரர், உண்மையைக் கேட்க உரிமை இல்லாதவனுக்கு உண்மை சொல்லும் கடமை இல்லை என்றார். நான் கான்ஸ்டன்ட் கட்சி. எந்தத் தெரு என்று கேட்க அந்தக் காண்ட்ராக்டருக்கு என்ன உரிமை? வயர் இழுக்கத் தெருப் பெயர் எதற்கு? 2007இல் தோரட்டும் அட்வெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டோம், பெயர் காட்டிக்கொடுக்காது. அந்த வேலையைத் தெரு செய்கிறது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தில் நீக்கலாம். காண்ட்ராக்டர் ஆவணம் பார்த்தா கேட்கிறான்?

ஆகவே நான் சொன்ன பொய்யில் எனக்கு வெட்கமில்லை. வாத்தியார் என்ற தனிமனிதர் மேலும் கோபமில்லை. ஆனால் வாத்தியார் அங்கே தனிமனிதராகப் போகவில்லை. நிலையத்தின் பெயரோடு, அரசு முத்திரையோடு போனார். தப்பித்துக்கொள்ள நான் பொய் சொல்லலாம். எனக்காக நிற்க வேண்டிய நிறுவனம் என்னைப் பொய் சொல்ல வைத்து ஒதுங்கிக்கொள்ளலாமா? 'எந்தத் தெரு என்று கேட்டால் ஆள் தர மாட்டோம்' என்று முதலாளியிடம் சொல்ல வேண்டிய வாய், 'காலனி என்று சொல்லாதே' என்று என்னிடம் சொன்னது. கேட்பவனை விட்டுவிட்டுப் பதில் சொல்பவனைத் திருத்தியது.

'அப்படிக் கறாராக இருந்தால் ஒருத்தனும் இடம் தர மாட்டான், உனக்கு உளிகூடக் கிடைத்திருக்காது' என்பார்கள். வாத்தியார் பலமுறை சொன்ன பதில் இது. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவனுக்கு இது சாதாரண வாதமல்ல. ஆனால் தீபத்துக்கு முந்தின மாதம் ஆசிரமப் பகுதியில் ஒரு வயர்மேனைப் பிடித்துப் பாருங்கள். காண்ட்ராக்டர்கள் ஆளுக்கு அலைவார்கள். அந்த நேரத்தில் நாலு பேரை அனுப்புகிற நிலையம் பிச்சை கேட்கிற இடத்தில் இல்லை. பட்டியல் வரிசைப்படி நாங்களே அனுப்புவோம், நீ பொறுக்கக் கூடாது. எந்த வாரம் எவன் என்ன வேலை செய்தான் என்று எங்கள் ஆள் வந்து பார்ப்பான். பார்த்தது சரியில்லை என்றால் நாலு பேரையும் திருப்பிக்கொள்வோம். இவ்வளவுதான். ஜெர்மனியில் முதலாளியே பயிற்சி தந்தாலும் என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்கு அரசு விதி இருக்கிறது, கடைசித் தேர்வை நடத்துவது அந்த முதலாளி அல்ல, தொழில் மன்றம். கற்றுத்தராதவனின் குட்டு தேர்வில் உடையும். இங்கே கற்றுத்தராதவனே 'கற்றார்' என்று எழுதுகிறான்.

இன்று நானும் அதே சாலையில் சின்னதாக எலக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்கிறேன். போர்டு வேலையைப் பிறகு ஒரு கடையில் இரண்டு வருடம் சும்மா உழைத்துக் கற்றுக்கொண்டேன். போன வருடம் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து ஒப்பந்தத் தாளோடு வந்தார்கள். இப்போது நான்தான் உள்ளூர் முதலாளி. வாராவாரம் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டியதில்லை சார், உங்கள் கையெழுத்துப் போதும் என்றார்கள். வந்தால்தான் போடுவேன் என்றேன். வாராவாரம் இல்லை, மாதம் ஒருமுறை வருகிறார்கள்.

பையன்களில் ஒருவன் முதல் நாள் தானாகவே, நான் கேட்காமலே, "ரமணாசிரமம் பக்கத்துல சார்" என்றான்.

இதை வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது முட்டி முடியவில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பழைய கதையையும் எடுத்தேன். "அன்னிக்கு நீ ஏம்மா மூஞ்சியத் திருப்பிக்கினு போன?" என்றேன்.

"நான் போனது இருக்கட்டும்," என்றாள். "நீ கூப்புட்டிருக்கக் கூடாதுடா."