நன்றிக்கு ஒரு கண்ணீர்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து இல்லங்களில், வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் நாய் குடும்பத்தில் ஒருவராகவே வாழ்கிறது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற இவ்வினத்திற்கு இந்திய அஞ்சல்துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது. அந்த நாய் இறந்தால் வீட்டார் அழுகின்றனர். அழுததற்காக நாணவும் செய்கின்றனர். ‘நாய்க்கா இத்தனை அழுகை?’ என ஊர் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். இக்கண்ணீர் முறையானதுதானா?

விலங்குகளை அன்பு செய்யலாம் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி. மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மேல் திருப்பலாகாது என்றும் எச்சரிக்கிறது. எனவே அழுவது தவறன்று, அளவே கேள்வி.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கால நடுகல் ஒன்று உண்டு. வீழ்ந்த வீரனுடன் கோவிவன் என்னும் அவனது நாயும் அதில் இடம்பெற்றுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதே அதன் புகழ். நம் முன்னோர் நாயை மனிதனாக்கவில்லை. அது செய்த நன்மையை மறைக்கவுமில்லை.

பெற்ற நன்மையை ஏற்றுக்கொள்வது நீதியைச் சார்ந்த கடமை. நாயிடம் பெற்றாலும் நன்மை நன்மையே. ஆயின், நாய்க்காக நனைந்த கண்கள் அண்டை வீட்டுக் கைம்பெண்ணுக்காக வறண்டிருக்குமானால், அங்கே அளவு தவறிற்று.

விலங்கின் ஆன்மா உடலோடு அழியும் என்றார் புனித தோமா அக்குவினா. நிலைவாழ்வில் படைப்புகள் யாவும் உருமாறி இடம்பெறும் என 2015-இல் திருமடல் வரைந்தார் திருத்தந்தை பிரான்சிஸ். முடிவைப் படைத்தவரிடம் விட்டுவிடுவோம். நன்றியோடு நினைப்பது நம் பங்கு. அதற்கு நாணம் வேண்டாம்.