வழக்கு முடிந்தது, கடன் முடிந்ததா?

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். நம் குமரி மாவட்டத்துக் கடைவீதி ஒன்றில் நெடுங்காலமாக வியாபாரம் செய்துவரும் ஹாஜியார் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

"உஸ்தாத், பல வருடமாக இழுத்துக்கொண்டிருந்த கேஸ் நமக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. கடைக்கு வந்து ஒரு துஆ ஓதித் தரவேண்டும்" என்றார்.

என்ன வழக்கு என்று விசாரித்தோம். கடை தொடங்கிய காலத்தில் நண்பர் ஒருவர் ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். வட்டி கிடையாது, ஒரு புரோநோட்டு மட்டும் உண்டு. பழக்கத்தின் காரணமாக அவர் பணத்தைக் கேட்காமலே இருந்துவிட்டார். பிறகு மகளின் நிக்காஹ் செலவுக்காகக் கேட்டபோது வாய்ப்பேச்சு வளர்ந்து, விஷயம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. மூன்று வருடம் கடந்துவிட்டதால் கடன் காலாவதி ஆகிவிட்டது என்று கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது.

"பணம் வாங்கியது உண்மைதானா, ஹாஜியார்?" என்று கேட்டோம்.

"வாங்கியது உண்மைதான், உஸ்தாத். ஆனால் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்லிவிட்டதே!" என்றார்.

இந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியது. அவர் ஐங்காலத் தொழுகையாளி, ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர், ஹஜ்ஜும் செய்தவர். அப்படிப்பட்டவரே இவ்வாறு எண்ணினால், விஷயத்தை நாம் எல்லோரும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வியாபாரிகளின் மனக்குறை

கோட்டாறு, வடசேரி, தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், குளச்சல் எனக் கடைவீதி எதில் நின்று கேட்டாலும் வியாபாரிகளின் மனக்குறை ஒன்றாகவே இருக்கிறது. சரக்கை வாங்கிச் சென்றவர் கொடுத்த செக் திரும்பி வருகிறது. கட்டட உடமையாளர் திடீரென்று காலி செய்யச் சொல்கிறார். சாலையை அகலப்படுத்துவதற்காகக் கடையின் முன்புறத்தை அளக்கிறார்கள். நியாயம் கேட்டு வழக்குப் போட்டால் பிள்ளைகள் காலத்தில்தான் தீர்ப்பு வரும் போலிருக்கிறது. "எங்கள் சொத்துக்கு என்ன பாதுகாப்பு?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இது நியாயமான கேள்வி. முஃமினின் பொருளுக்கு இஸ்லாம் கொடுத்திருக்கும் கண்ணியம் சிறிதன்று. உயிருக்கும் மானத்திற்கும் உள்ள புனிதம் பொருளுக்கும் உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அறிவித்தார்கள். தன் பொருளைக் காக்கும் முயற்சியில் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்றும் கூறினார்கள்.

மதீனாவிலே மஸ்ஜிதுந் நபவீ எழுந்த இடம் இரண்டு யதீம் சிறுவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. அவர்கள் அதை இனாமாகவே தர முன்வந்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இசையாமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஹதீஸ் ஷரீபில் வந்துள்ளது. அல்லாஹ்வின் இல்லத்திற்கே இடம் கிரயத்திற்கு வாங்கப்பட்டதென்றால், நம் கடைக்கும் வீட்டுக்கும் கேட்கவா வேண்டும்?

ஆட்சியாளருக்கும் இந்த எல்லை உண்டு. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது பள்ளிவாசலை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். இருவரும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது, கலீஃபா தலைவணங்கினார்கள். அதன் பின்பே அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் வீட்டை மனமுவந்து இலவசமாக வழங்கினார்கள்.

நம் மண்ணின் சரித்திரமும் சட்டப் பாதுகாப்பின் அருமையைச் சொல்கிறது. இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1865ஆம் ஆண்டில் வெளியான பண்டாரப் பாட்ட விளம்பரத்தால்தான் சர்க்கார் நிலத்தைப் பாட்டத்திற்கு வைத்திருந்த குடியானவர்களுக்கு அதை விற்கவும் வாங்கவும் கூடிய முழு உரிமை கிடைத்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்தால் 1979 முதல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீங்கிவிட்டது. ஆயினும் சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்று 300-ஏ பிரிவு கூறுகிறது. பொதுக் காரியத்திற்காக நிலம் எடுப்பதானால் நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இந்த உரிமைகளை அறிந்து, முறைப்படி கேட்டுப் பெறுவது தவறில்லை.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கையா?

ஆனால் பாதுகாப்பைக் கேட்கும் நாம், அல்லாஹு தஆலா கற்றுத்தந்த முதல் பாதுகாப்பைக் கைவிட்டிருக்கிறோம். திருமறையிலேயே மிக நீளமான ஆயத்து எதைப்பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலைப் பற்றியது (2:282). தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நீதியாக எழுதட்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பல்படாதீர்கள் என்ற கருத்தில் அந்த ஆயத்து அமைந்துள்ளது.

"ஒரே ஜமாஅத்துக்காரர், சம்பந்தக்காரர், அவரிடம் போய்ப் பத்திரம் கேட்டால் முகம் வாடாதா?" என்கிறார்கள். எழுதாமல் விட்டதால் பிறகு எத்தனை முகங்கள் வாடின, எத்தனை சம்பந்தங்கள் முறிந்தன என்று எண்ணிப் பாருங்கள். எழுத்து என்பது நட்புக்குப் போடும் வேலி.

நாட்டின் சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டப்படி, பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடர முடியாமல் போகும். தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் நீங்கி, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவும் செய்யவேண்டும் என்கிறது. செக் திரும்பினால் குற்றவழக்குத் தொடரலாம் என்ற விதியும் 1989 முதல் இருந்து வருகிறது. எழுத்தும் சாட்சியும் கையில் இருந்தால்தான் இவையெல்லாம் பயன்படும்.

சட்டமும் ஒரு தராசுதான்

இப்போது ஹாஜியாரின் வார்த்தைக்கு வருவோம்.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு சூராவே இறங்கியுள்ளது. மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அவர்களுக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்று அதன் தொடக்க ஆயத்துக்கள் எச்சரிக்கின்றன (83:1-3). நம்மில் பலர் இதைக் கடைத்தராசோடு நிறுத்திக்கொள்கிறோம். சட்டமும் ஒரு தராசுதான். நமக்கு வரவேண்டியதைச் சட்டத்தால் நிறைவாக வாங்கி, நாம் கொடுக்க வேண்டியதைச் சட்டத்தின் சந்துபொந்தால் குறைக்கிறவர் வேறு யார்?

கடனைப் பாருங்கள். மூன்று வருடம் கடந்தால் வழக்குப் போட முடியாது என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். கடனே இல்லையென்று அது கூறவில்லை. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடனாளி கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் அது செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. உதுமானிய ஆட்சியில் ஹனஃபி பிக்ஹின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பும், பழைய வழக்குகளைக் காஜி விசாரிக்கக் காலவரையறை வைத்துவிட்டு, காலம் கடந்ததால் ஹக்கு அழியாது என்று தெளிவாக்கியது. ஆகவே ஹாஜியாரின் வழக்குத்தான் இறந்தது. கடன் அவர் கழுத்தில் உயிரோடுதான் இருக்கிறது.

இடத்தைப் பாருங்கள். அடுத்தவர் மனையில் எதிர் அனுபவமாகப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால், உடமையாளரின் உரிமையே போய்விடும் நிலை இந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. சுவரை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டு வருடங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸுக்குப் பன்னிரண்டு வருடத் தவணை எதுவும் கிடையாது.

வாடகையைப் பாருங்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையைத் தகப்பனார் காலத்து வாடகைக்கே வைத்துக்கொண்டு, அதையே இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுப் பல மடங்கு வாங்குகிறவர், கட்டட உடமையாளர்களின் அநியாயத்தைப் பற்றிப் பேச வாய் எப்படி வருகிறது? வக்ஃபு வருமானத்தில்தான் மத்ரஸாப் பிள்ளைகளின் ஓதலும், இமாம் முஅத்தின்களின் சம்பளமும் நடக்கின்றன.

சகோதரியின் கையொப்பம்

எல்லாவற்றிலும் வேதனையானது பெண்மக்களின் பங்கு. தகப்பனார் மவுத்தாகிறார். கடையும் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் அவர் விட்டுச்சென்ற சொத்துதான். அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதில் மகளுக்கு, மகனுடைய பங்கில் பாதி என்று அல்லாஹ்வே பங்கு வைத்துவிட்டான் (4:11). ஆனால் நடப்பது என்ன? நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்ததும் சகோதரிகள் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். "நிக்காஹுக்கு நகை போட்டோமே" என்பார் ஒருவர். "கடையில் உழைத்தது நாங்கள்தானே" என்பார் மற்றவர். கையொப்பம் போடாவிட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற அச்சத்தில் அவள் கையொப்பம் இடுகிறாள். பத்திரத்தில் "மனப்பூர்வமாக" என்று எழுதியிருக்கும். அவளுடைய மனத்தை யார் கேட்டார்கள்? மனமுவந்து கொடுத்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் மற்றவருக்கு ஹலால் ஆகாது என்பது நபிமொழி.

உழைத்த மகனுக்கு உரிமையே இல்லையா என்று கேட்கலாம். தகப்பனார் குடும்பத்தில் இருந்துகொண்டு அவர் கடையில் உதவியாக உழைத்த மகனின் சம்பாத்தியம் தகப்பனாரையே சேரும் என்று ஹனஃபி பிக்ஹு கூறுகிறது. ஆகவே தகப்பனார் ஹயாத்தாக இருக்கும்போதே மகனுக்கு மாதச் சம்பளமோ, லாபத்தில் பங்கோ பேசி எழுதிவிட வேண்டும். மவுத்துக்குப் பிறகு மகன் தானே தீர்மானித்து எடுத்துக்கொள்வது சகோதரியின் ஹக்கில் கைவைப்பதாகும்.

திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1108இல் (1932-33) முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் வந்தது; பிரிட்டிஷ் இந்தியாவில் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. ஷரீஅத்தைக் காக்கவேண்டும் என்று நாம் மேடைதோறும் குரல் கொடுக்கிறோம். அதே ஷரீஅத் கொடுத்த பங்கைச் சகோதரியின் கையொப்பத்தாலேயே துடைத்துவிடுகிறோம்.

இரண்டு தோழர்களின் கண்ணீர்

ஸஹாபிகளில் இருவர் ஒரு பழைய வாரிசுச் சொத்தைப் பற்றிய தகராறோடு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தனர். இருவரிடமும் சாட்சி இல்லை. அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், தாமும் மனிதரே என்றும், ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடக்கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அத்தீர்ப்பால் சகோதரனின் ஹக்கு ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அவர் அதை எடுக்கவேண்டாம், அது நெருப்பின் ஒரு துண்டு என்றும் கூறினார்கள்.

இதைக் கேட்டதும் இருவரும் அழுதுவிட்டனர். என் ஹக்கு என் சகோதரனுக்கே என்று இருவருமே சொல்லிவிட்டனர். அப்படியானால் நியாயத்தை நாடிப் பங்கு வைத்து, சீட்டுப் போட்டு எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

சிந்தியுங்கள். நபியின் திருவாயால் வந்த தீர்ப்பே அடுத்தவர் பொருளை ஹலாலாக்காதென்றால், நாகர்கோவில் கோர்ட்டின் தீர்ப்போ டில்லியின் தீர்ப்போ அதை ஹலாலாக்குமா? தீர்ப்பு கோர்ட்டின் வாசலோடு நின்றுவிடும். கப்ருக்குள் நாம் மட்டுமே போவோம்.

நாம் செய்யவேண்டியது

நாம் இவற்றைச் சொல்லிவிட்டு ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று வருடத்து வட்டி நஷ்டத்தை விட்டவன் அவன். நான்தான் அசலையும் விட வைத்துவிட்டேன்" என்றார். அன்று கடைக்குத் துஆ ஓதப் போகவில்லை.

அடுத்த மாதம் அவரே வந்தார். இஷாவுக்குப் பிறகு நண்பர் வீட்டுக்குப் போனாராம். நண்பர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாராம். முழுத்தொகையையும் தவணைகளில் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டு, முதல் தவணையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "துஆவைக் கடைசித் தவணை கொடுக்கும் நாளில் ஓதலாம், உஸ்தாத். அவனையும் கூப்பிடவேண்டும்" என்றார்.

சகோதரர்களே! உங்கள் சொத்துக்குப் பத்திரம் எழுதுங்கள், சாட்சி வையுங்கள், பதிவு செய்யுங்கள். அநியாயம் நடந்தால் சட்டத்தின் கதவைத் தட்டுங்கள். அதற்குமுன், இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நீங்கள் கொடுக்க வேண்டியவற்றை எழுதுங்கள்: காலாவதியான கடன், தள்ளிக் கட்டிய சுவர், குறைத்துக் கொடுத்த வாடகை, சகோதரியின் பங்கு. அந்தத் தாளை உங்கள் பிள்ளைகளிடமும் காட்டிவையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பொருளைப் பிறர் அநியாயத்திலிருந்து காப்பாயாக! பிறர் பொருளை எங்கள் அநியாயத்திலிருந்து காப்பாயாக! எவருடைய ஹக்கும் எங்கள் கழுத்தில் இல்லாத நிலையில் உன்னைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக! ஆமீன்.