பனிக்காலத்து முழங்கால்

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நீலகிரிப் பள்ளங்களில் உறைபனி விழும். 2,200 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள உதகையில் சில விடியல்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டிவிடும். வெளுத்த புல்வெளியைப் படமெடுக்க வெளியூர்க்காரர்கள் இருட்டிலேயே வந்து நிற்பார்கள். தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய ஐம்பது வயதுப் பெண்ணுக்கோ, அந்நேரத்தில் முழங்காலை மடக்கி நீட்டுவதே பெரும்பாடு.

குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. வயது, உடல் எடை, பழைய அடி, ஆண்டுக்கணக்கில் சுமையோடு மேடேறி இறங்கியது ஆகியவைதாம் தேய்க்கின்றன. குளிரில் தசை இறுகும். வலிக்குப் பயந்து நடையைக் குறைப்போம். அசையாத மூட்டு இன்னும் விறைக்கும். வானிலைதான் வலியைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. 1996இல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகள் 18 பேரைக் கவனித்துவிட்டு, தொடர்பே இல்லை, மனம்தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது என்றார்கள். 2019இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வோ, ஈரப்பதம் மிகுந்து காற்றழுத்தம் குறைந்த நாட்களில் வலி சற்றே கூடுவதைக் கண்டது. இந்த வழக்கு தீரும்வரை அந்தப் பெண்ணின் வலியை நம்பாமல் இருக்க நமக்கு உரிமையில்லை.

எழுவதற்கு முன் படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டுவதும், வெந்நீர் ஒத்தடமும், முழங்காலை மூடும் கம்பளியும் விறைப்பைத் தளர்த்தும். தொடைத் தசைக்கான பயிற்சி நாளடைவில் வலியையே குறைக்கும். நீலகிரித் தைலம் தேய்மானத்தை ஆற்றாது. ஆனாலும் அது தரும் சூட்டை நான் குறை சொல்லமாட்டேன். பயமெல்லாம் மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபினாக் மாத்திரையைப் பற்றித்தான். அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்தையும் பாதிக்கும். கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. தொடக்கத்திலேயே சிகிச்சை கிடைத்தால் மூட்டு கோணாமல் காக்கலாம்.

“மேடு ஏறாதீங்கம்மா” என்று மருத்துவர் சொல்வதும் சரியான ஆலோசனைதான். ஏறாவிட்டால் அன்றைய கூலி? மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு தரும்படி முதலாளிகளுக்கு விதி செய்யலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. குளிர் வேலையோடு சேர்ந்த துன்பம் என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்று கேட்க வேண்டியதும் பெரிதல்ல. உறைபனி விழும் நாட்களில் வெயில் ஏறிப் பனி கரைந்த பிறகு பறிப்பைத் தொடங்கட்டும்; கூலியில் கை வைக்காமல்.