ஆகாதது நாளைக்கு ஆகும்



இந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். பையைப் பிடித்தபடி பக்கத்தில் அவர் மகள், எட்டு வயதிருக்கும். தெரிந்தவர் ஒருவரிடம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தாய்மாமன் சீராக இவர்கள் கொண்டுபோன கம்மலை நாத்தனார் கையில் வாங்கிப் பார்த்து, "லேசா இருக்கே" என்று சபையில் சொல்லிவிட்டாராம். வட்டிக்கு வாங்கிச் செய்த கம்மல். சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மியது. "அவளைக் கண்டாலே எனக்கு வெறுப்பு" என்று முடித்தார்.

உடனே அந்தச் சிறுமி, "எனக்கும் அத்தைன்னா வெறுப்பு" என்றாள்.

பின்னால் நின்ற வயதான அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை கேக்குது பாரு. அவளுக்கும் எனக்கும் ஆகலைன்னு சொல்லு தாயி."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எப்படி ஒண்ணு? இன்னிக்கு ஆகலைன்னா நாளைக்கு ஆகும். வெறுத்துட்டா எங்கேருந்து ஆகும்?"

அந்தப் பெண் பதில் பேசவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

அவர் சொன்ன அந்தச் சொல்லையே பாருங்கள். பழந்தமிழில் வெறுப்பு என்றால் செறிவு. தொல்காப்பியம் உரியியலில் அப்படித்தான் பொருள் சொல்கிறது. வெறுக்கை என்றால் செல்வம். திருக்குறள் படைமாட்சி அதிகாரத்தில் அந்தப் பொருளில் வருகிறது. செறிவைச் சொன்ன சொல் பகையைச் சொல்ல எப்படி வந்தது? ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, நெஞ்சில் வேறெதற்கும் இடமில்லாமல் போகிற நிலைதான் வெறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கம்மலுக்கு அவ்வளவு பெரிய சொல்லா? அந்தப் பெண்ணுக்கு இருந்தது வருத்தம், அவமானம். நியாயமான வருத்தம்தான். அதைச் சொல்ல மனத்தாங்கல், கசப்பு, பிடிக்கவில்லை, ஒத்துப்போகவில்லை என்று எத்தனை சொற்கள் நம்மிடம் இருக்கின்றன! உப்புமாவுக்கும் வெறுப்பு, மழைக்கும் வெறுப்பு, மனிதருக்கும் வெறுப்பு என்று நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

பெரியவர்களுக்குள் ஆயிரம் இருக்கும். பேசுங்கள், சண்டைகூடப் போடுங்கள். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அந்தக் கம்மலின் எடை அந்தச் சிறுமிக்கு எதற்கு? அவளுக்கு அவர் அத்தை, அவ்வளவுதான்.