வலியிழந்த பாதமும் வினைப்பயனும்

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவில், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தொழுநோயாளர் வைத்தியசாலை இயங்கிவந்தது. நோயாளரைப் பிரித்துவைக்க 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழிசெய்தது. சட்டம் தொற்றுக்கு அஞ்சியது. ஊரோ அதற்கும் மேலே சென்று, ஆறாத புண் முன்செய்த வினையின் தண்டனை என்று தீர்ப்பும் எழுதியது. அந்தத் தீர்ப்பு அறிவுக்கும் ஒவ்வாது, இந்த மண்ணின் சமயங்களுக்கும் ஒவ்வாது.

தொழுநோய்க் கிருமியை மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். புண் ஏன் ஆறுவதில்லை என்பதைத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர், கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய மருத்துவர் போல் பிராண்ட். சதை தானாக அழுகுவதில்லை. நரம்பு பழுதாகிப் பாதம் உணர்விழக்கிறது. முள் தைத்தாலும் நடை நிற்பதில்லை. மிதித்த இடத்திலேயே அழுத்தம் விழுந்து புண் ஆழமாகிறது. மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பியபோது அத்தகைய புண்களும் ஆறின. நீரிழிவுக்காரரின் பாதத்திலும் இதே உணர்விழப்பு நேர்கிறது. பலருக்கு இரத்தவோட்டக் குறைவும் சேர்கிறது. வலிதான் தண்டனை என்றால், வலியே அறியாத இந்தப் பாதங்கள் மன்னிப்புப் பெற்றவையாக இருக்கவேண்டும். ஆனால் அவைதாம் அதிகம் சிதைகின்றன. வலி உடலின் காவல். அது போனபின் காக்கும் கடமை நோயாளரின் கண்ணுக்கும், அவரோடு வாழ்வோருக்கும் வந்துசேர்கிறது.

வினைக் கொள்கையை விட்டால் சைவம் என்னாவது என்று கேட்பார்கள். அதை விடச் சொல்லவில்லை. சூலை நோயில் துடித்த அப்பர் தம் பிழையைத் தாமே தேடினார். அது நோயுற்றவரின் உரிமை. தேடிவந்த தம்பியிடம் திலகவதியார் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை புண்ணான யோபுவிடம் பாவம் தேடிய நண்பர்களையே கடவுள் கடிந்துகொண்டதாக விவிலியம் சொல்கிறது. அதே யோபு முஸ்லிம்களுக்கு அய்யூப் நபி, பொறுமையின் முன்மாதிரி. தன் துன்பத்துக்கு ஒருவர் காணும் பொருள் வேறு. பார்த்து நிற்பவர் வழங்கும் தீர்ப்பு வேறு. முன்னது ஆறுதலாகலாம், பின்னது கொடுமை.

எவ்வளவு பார்த்தும் சில புண்கள் ஆறுவதில்லையே, அது விதியல்லவா என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், சில ஆறுவதில்லை. ஆனாலும் புண்ணைக் கழுவி, மருந்து கட்டி, நாற்றம் தணித்து, அந்த மனிதரோடு ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் கடமை அதனால் தீர்வதில்லை. பராமரிப்பு பலனைப் பார்த்து வழங்கும் கூலியல்ல.

இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது, தொழுநோய் குணமாகிறது. இழந்த உணர்வு மட்டும் பலருக்குத் திரும்புவதில்லை. ஆகவே, படுவான்கரை வயலிலும் வாவிச் சேற்றிலும் உழைத்துவரும் உங்கள் வீட்டாருக்கு நீரிழிவோ காலில் மரமரப்போ இருந்தால், இரவில் அவர் உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன பாவம் செய்தார் என்று மட்டும் கேளாதீர்கள்.