இரவில் கட்டவிழ்ந்த கருவி

காவல்துறையினர் இரவு வேட்டைக்காகப் பறக்கவிட்ட டிரோன், இடையிலே அவர்கள் கைக்கு அடங்காமற் போய்ச் சேதம் விளைத்துவிட்டால், அதற்குப் பொறுப்பாளி யார்? பறக்கவிட்ட காவலரா, அனுப்பிய அதிகாரியா, கருவியைச் செய்தவரா? அல்லது ‘கருவிக் கோளாறு’ என்ற ஒரே சொல்லில் அனைவரும் விடுபட்டுவிடலாமா?

சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு இக்கேள்வி தொலைவிலுள்ளதன்று. சென்னை அடையாற்றில் 2023 ஜூன் திங்களில் காவல்துறைக்கு டிரோன் பிரிவு தொடங்கப்பெற்றது. திருவிழாக் கூட்டங்களின்மேல் இக்கருவி பறப்பது தென்மாவட்டங்களிலும் பழகிய காட்சியாகிவிட்டது. கோடையில் மொட்டைமாடியில் பாய் விரித்துக் குழந்தைகளோடு துயில்வோர் நம் தெருக்களில் இன்றும் உண்டு. விசைத்தறி ஓடும் தெருவில், தலைக்குமேல் பறப்பதன் ஒலி அவர்கள் காதில் எங்கே விழப்போகிறது?

கை நழுவுவது எவ்வாறு என்பதை அறிதல் வேண்டும். தரையிலிருப்பவரின் கட்டளை வானொலி அலை வழியே செல்கிறது. அத்தொடர்பு அறுந்தால், புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும்படி கருவிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், திரும்பும் உயரத்தைக் குறைத்து வைத்திருந்தால் வழியில் நிற்கும் செல்போன் கோபுரத்தில் மோதக்கூடும்; இருளில் தடையை உணரும் ஆற்றல் பல கருவிகளுக்குக் குறைவு. ஜீப்பின் பக்கத்திலிருந்து ஏவிவிட்டு, திருடனைத் துரத்தி ஜீப் நகர்ந்துவிட்டதென்றால், ஆளற்ற சாலைக்கே அது திரும்பி வந்து இறங்கும். 2010 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஆளில்லா ஹெலிகாப்டர் ஒன்று, தொடர்பு அறுந்தபின் மென்பொருட் பிழையால் திரும்பாமலே சென்று, வாஷிங்டனைச் சூழ்ந்த தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் புகுந்தது.

நம் முன்னோர் டிரோனை அறியார். கட்டவிழ்ந்த கால்நடையை நன்கு அறிவர். மேய்ப்பனின்றி ஆடுகள் இரவில் சிதறி மேய்வதற்கு அரபு மொழியில் ‘நஃபஷ்’ என்று தனிச்சொல்லே உண்டு. பகலில் திரிவதற்கு வேறு சொல். தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகிய இரு நபிமாரும் தீர்ப்பளித்த வயல் வழக்கு இத்தகைய இரவு மேய்ச்சலைப் பற்றியதே. பின்னர், ஒரு நபித்தோழரின் ஒட்டகம் தோட்டத்தில் புகுந்து அழித்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடன், இரவில் கால்நடையைக் காப்பது அதன் உடையவர் கடன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்த்தார்கள். இரவில் தோட்டக்காரன் உறங்குவான் அல்லவா? இப்பாடத்தை நடத்துகையில் மாணவர் சிலர் கொட்டாவி விடுவதை நாம் கண்டதுண்டு. ஆடு மாடு அறியாத தலைமுறை.

ஷாஃபிஈ மத்ஹபினர் இந்த இரவு பகல் வேறுபாட்டைக் கைக்கொண்டனர். ஹனஃபி மத்ஹபினரோ, தானாகத் தப்பியோடிய விலங்கின் சேதத்துக்கு இரவாயினும் ஈடில்லை என்பர். ஆனால் ஏறிச் செல்பவனோ ஓட்டிச் செல்பவனோ உடனிருந்தால் அவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. டிரோன் பட்டியைத் தாண்டித் தானே ஓடிய ஆடன்று. ஒருவர் ஏவினார், அவர் சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கிறார், அவ்வளவே. ஆகவே இரு வழியிலும் முடிவு ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு கடுமை காட்டினால் காவலர் எவர்தாம் துணிந்து கருவியைத் தொடுவார் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயமுண்டு, காணாமற்போன குழந்தையைத் தேடவும் அதே கருவிதான் பறக்கிறது. எனினும் பாவம் வேறு, ஈடு வேறு. கட்டளைக்குப் பணிந்து கவனத்தோடு பறக்கவிட்ட காவலர் குற்றவாளி அல்லர். ஆயினும் உடைந்த ஓடு உடைந்ததுதான். அதன் விலையை ஏவிய துறை தர வேண்டும், உறங்கியவன் சுமக்கலாகாது.

கவனம் என்றோமே, அதற்கும் ஒரு செய்தி உண்டு. 2021 ஆகஸ்ட் 10 அன்று கனடாவில், டொராண்டோவை அடுத்த பட்டன்வில் விமான நிலையத்தருகே யார்க் வட்டாரக் காவல்துறையின் டிரோன்மீது, இறங்க வந்த செஸ்னா விமானம் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. அங்கே தொடர்பு அறுபடவில்லை. கருவி சொன்னபடியே 400 அடி உயரத்தில் நின்றது. வானத்தைக் கவனிக்க நியமிக்கப்பெற்ற காவலருக்கு அப்பணியின் பொருளும் முக்கியத்துவமும் தெரியாதிருந்தன என்று விசாரணை கண்டது! மேய்ப்பன் இருந்தான்; தான் மேய்ப்பன் என்பதை அறியாதிருந்தான். அதுவும் பட்டப்பகலில். இதற்கு மாறாக, 2024 செப்டம்பர் 18 அன்று அரக்கோணம் கடற்படைத் தளத்தின் பெரிய ஆளில்லா விமானம் பழுதுற்றபோது, அதனைச் சென்னைக்கு அப்பாற் கடலின்மேல் கொண்டுசென்று நீரில் இறக்கினர். கருவி போயிற்று, கீழே இருந்த மக்களுக்குத் தீங்கில்லை.

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 250 கிராமுக்கு உட்பட்ட சிறு கருவிகள் நீங்கலாக மற்றவற்றுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியே பிறருக்கான காப்பீட்டையும் இழப்பீட்டையும் வகுத்தன. முப்படைகளின் கருவிகளுக்கு அவ்விதிகள் பொருந்தா. காவல்துறைக்கு அந்த விலக்கு எழுதப்படவில்லை. ஏட்டளவில் வழி இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் மொட்டைமாடியில் ஒடிந்த இறக்கையையும் காயமுற்ற பிள்ளையையும் காணும் தறிக்காரர் முதலில் போய் நிற்பது காவல் நிலையத்து வாசலில்தான். மனுவை வாங்குபவரும் கருவியை ஏவியவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். முந்திய இரவில் யார் பறக்கவிட்டார், யார் வானத்தைப் பார்த்திருந்தார் என்ற இரு பெயர்களும், பறக்குமுன்பே நிலையத்து நாட்குறிப்பில் ஏறியிருந்தால், அவர் கேட்கத் தொடங்குவதற்கு ஓர் இடமாவது கிடைக்கும்.