கூலியும் வேலியும்

உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கதை எழுதிப் பிழைக்கும் எனக்குப் பதிப்புரிமை வேண்டும். அதை மறுப்பவரோடு வழக்காடவும் தயங்கமாட்டேன். ஆனால் கூலி வேறு, வேலி வேறு.

என் நாவலின் வரிகள் என்னுடையவை. கைமாறிப்போன கடிதத்தால் காதலர் பிரிகிறார்கள் என்னும் உத்தி என்னுடையதா? அதை ஒருவர் 20 ஆண்டுகளுக்குத் தமக்கே உரியதென்று பதிவு செய்துகொண்டால், அவர் கதையைக் கண்ணாலும் பாராமல் தானே யோசித்து எழுதியவனும் நஷ்டஈடு கட்ட வேண்டியதுதான். கம்ப்யூட்டர் நிரல்களுக்குத் தரப்படும் பேட்டண்ட் இத்தகையது. பதிப்புரிமை எழுத்தைக் காக்கிறது. பேட்டண்டோ எழுதும் வழியையே வளைத்துப் போடுகிறது.

இது கற்பனைப் பயம் அன்று. 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் 'ஜிஃப்' என்னும் பட வடிவத்தை வெளியிட்டது. படத்தைச் சுருக்க அதில் கையாண்ட முறைக்கு அமெரிக்காவில் 1985-லேயே பேட்டண்ட் வழங்கப்பட்டிருந்தது. உலகம் அதற்குப் பழகிய பின், 1994 இறுதியில், அந்த முறையைக் கையாளும் நிரல்களுக்கு உரிமையாளரான யூனிசிஸ் நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. மனம் கசந்த நிரலாளர்கள் கூடிப் 'பிஎன்ஜி' என்னும் வேறு வடிவத்தையே படைத்தார்கள். 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், அருவமான ஒரு கருத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதாலேயே அது பேட்டண்டுக்கு உரியதாகாது என்று தீர்ப்பளித்தது.

இனி இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். நிரல் எழுதுவோர்க்கு எடிட்டர்தான் எழுதுபலகை. பிழையைச் சுட்டுவதும், பாதிச் சொல்லை எழுதினால் மீதியை எடுத்துக் கொடுப்பதும் அதன் பணி. முன்பு ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு நிரல் மொழியையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருந்தது. பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு இணைப்புகள்! 2016-இல் மைக்ரோசாப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய மூன்றும் சேர்ந்து 'லாங்வேஜ் சர்வர் புரோட்டகால்' என்ற பொது நெறியை அறிவித்தன. எடிட்டரும் மொழியும் பேசிக்கொள்ள ஒரே முறை, யாரும் பின்பற்றலாம். இருநூறு வேலை முப்பதாகச் சுருங்கியது. தனியாக ஒரு மொழியைப் படைக்கும் எளியவனும், ஒருமுறை உழைத்தால் பல எடிட்டர்களில் இடம் பெறலாம்.

கொடுத்தவர்கள் துறவிகளா? இல்லை. பைத்தான் மொழிக்காக மைக்ரோசாப்ட் செய்த 'பைலான்ஸ்' என்னும் துணைக்கருவி இந்த நெறியில்தான் இயங்குகிறது; ஆயினும் அந்நிறுவனத்தின் எடிட்டர்களுக்கு வெளியே அதைப் பயன்படுத்த அனுமதியில்லை. சாலை பொது, வண்டி சொந்தம். இதில் நான் குறை காணவில்லை. வண்டிக்கு வாடகை கேட்பவன் வியாபாரி. எல்லோரும் நடக்கிற பாதைக்குக் குறுக்கே நின்று கை நீட்டுகிறவனை என்னவென்று சொல்வது?

செய்த பொருளுக்கு விலை கேட்கட்டும். ஒருவன் செய்ததும் இன்னொருவன் செய்ததும் சந்திக்கிற வழியை மட்டும் அடைக்காதிருக்கட்டும். அறிவுலகில் நியாயத்தின் எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது.